தீயணைப்பு வண்டியில் ஒரு நாள்



நம் பள்ளியின் நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் எங்களில் நாலு பேரைப் போன சனிக்கிழமை தீயணைப்பு நிலையத்துக்கு அனுப்பினார்கள். தலைமையாசிரியர் கடிதம், அப்பா கையெழுத்து, காலில் ஷூ, இந்த மூன்றும் இல்லாவிட்டால் உள்ளே வரக்கூடாது என்று நிலைய அலுவலர் முன்பே சொல்லியிருந்தார். இன்னொரு நிபந்தனையும் உண்டு. நிஜமான தீ அழைப்பு வந்தால் மாணவர்களை வண்டியில் ஏற்றமாட்டார்கள். ஒத்திகைக்குப் போகும்போது மட்டும் ஏறிக்கொள்ளலாம். "நீங்க வந்தா உங்களைப் பாத்துக்க எனக்கு ஒரு ஆள் வேணும் தம்பி. அந்த ஆள் அங்க குழாய் பிடிக்கணும்" என்றார். நியாயம்தானே!

காலையில் முதல் வேலை அணிவகுப்பு. அடுத்த வேலை வண்டியைச் சோதிப்பது. ஏணி, கயிறு, கடப்பாரை, கோடரி, குழாய் என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து ஏட்டில் எழுதுகிறார்கள். நேற்றும் பார்த்ததுதான், இன்றும் பார்க்கிறார்கள். பம்பை ஒருமுறை ஓட்டி நிறுத்துகிறார்கள். துணிக்குழாய் ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், 63 மில்லிமீட்டர் விட்டம். ஒரு முனை ஆண், மறுமுனை பெண், ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். மரையைத் திருகிக்கொண்டிருக்க அவர்களுக்கு நேரம் கிடையாது.

வண்டித் தொட்டியில் 4,500 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கேட்கும்போது 'அம்மாடியோவ்' என்று இருந்தது. முன்னணித் தீயணைப்போர் ஒருவர் சிரித்துக்கொண்டே எங்களிடம் கணக்குப் போடச் சொன்னார். ஒரு குழாய்முனையில் நிமிடத்துக்கு 450 லிட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 நிமிடத்தில் தொட்டி காலி! இரண்டு குழாய் பிடித்தால் ஐந்தே நிமிடம். நம் வீட்டு பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர். அப்படி 300 குடம் தண்ணீர் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதனால்தான் போன இடத்தில் கிணறு எங்கே, மேல்நிலைத் தொட்டி எங்கே என்று முதலில் விசாரிக்கிறார்கள். "தண்ணி இல்லாம வந்துட்டான்னு ஜனங்க திட்டுவாங்க தம்பி. கொண்டு வந்தது தீர்ந்துபோச்சுன்னு யாருக்கும் தோணாது" என்றார் ஓட்டுநர்.

நம் இயற்பியல் பாடம் இங்கே வேலை செய்வதைப் பார்த்தேன். ஒரு கிலோ தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக 70 கிலோ கலோரி எடுத்துக்கொள்ளும். அதே தண்ணீர் நீராவியாக மாற மேலும் 540 கிலோ கலோரி வேண்டும். நேர் பீய்ச்சலாக அடித்தால் பாதித் தண்ணீர் ஆவியாகாமல் தரையில் ஓடிவிடும். பூத்தூறலாக அடித்தால் துளிகள் சட்டென ஆவியாகி வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகும். ஆவியானதும் கொள்ளளவு சுமார் 1,700 மடங்கு ஆவதால் அது காற்றையும் தள்ளிவிடும். மறை வெப்பம் எதற்கு என்று பின்பெஞ்சிலிருந்து கேட்ட நண்பருக்கு இது பதில்.

பதினொரு மணி இருக்கும். தொலைபேசி அடித்தது. "சார், தீ சார், சீக்கிரம் வாங்க சார்!" அவ்வளவுதான், வைத்துவிட்டார். எந்த ஊர், என்ன தீ, ஒன்றும் தெரியாது. அதே எண்ணுக்குத் திருப்பி அடித்தால் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறார். அதற்குள் வீரர்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், எஞ்சின் ஓடுகிறது, போகும் திசைதான் தெரியவில்லை. மூன்றாவது முறைதான் கிடைத்தார். பக்கத்துக் கிராமத்தில் வைக்கோல் போர் எரிகிறது. மணி அடித்துக்கொண்டு வண்டி பறந்தது. நாங்கள் நிலையத்திலேயே நின்றோம். ஏட்டில் நேரத்தைப் பார்த்தேன். முதல் அழைப்புக்கும் புறப்பாட்டுக்கும் நடுவே நாலு நிமிடம். மேலே போட்ட கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

101க்கோ 112க்கோ பேசும்போது ஊர், தெரு, பக்கத்தில் இருக்கும் அடையாளம், எரிவது என்ன, உள்ளே ஆள் இருக்கிறார்களா, இதையெல்லாம் நிதானமாகச் சொல்லுங்கள். அவர்கள் வைக்கும்வரை நீங்கள் வைக்கக்கூடாது. முடிந்தால் ஒருவர் மெயின் ரோட்டுக்கு வந்து நின்று வண்டிக்குக் கை காட்டலாம்.

மாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் மகளிர் குழுவினருக்கு ஒத்திகை. அதற்குத்தான் எங்களை வண்டியில் ஏற்றினார்கள். உயரத்திலிருந்து நம் ஊர் கடைத்தெருவைப் பார்த்தது ஜோர்தான், மறைப்பானேன்! மண்டபத்தில் வாணலி எண்ணெயைக் கொதிக்க வைத்துத் தீப்பிடிக்கவிட்டு, நீண்ட காம்பு கரண்டியால் ஒரே ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினார்கள். எல்லோரையும் தூரமாக நிற்க வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. தென்னை உயரத்துக்கு எழும்பியது என்று சொன்னால் மிகை, ஆனால் மண்டபத்துக் கொட்டகை உயரம் நிச்சயம் இருந்தது. தண்ணீர் எண்ணெயைவிடக் கனம். அடிக்குப் போய், அங்கே இருக்கும் சூட்டில் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை வெளியே வீசுகிறது. அடுப்பை அணைத்துவிட்டு ஒரு மூடியைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடினால் போதும், அடங்கிவிடும். வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது.

சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு திரவமாக இருக்கிறது. வெளியே வந்தால் சுமார் 250 மடங்கு விரியும். காற்றைவிடக் கனமானதால் தரையோடு படியும். அதற்கு வாசனையே கிடையாதாம். நமக்கு அடிக்கும் நாற்றம் மெர்காப்டன் என்று வேண்டுமென்றே சேர்த்தது. நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்து வெளியே வந்து 1906க்குப் பேச வேண்டும். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ஒரு பாட்டி எழுந்து, "பிரிட்ஜ் தன்னால ஓடுதே, அதை என்ன பண்றது?" என்று கேட்டார். அன்றைக்குக் கேட்ட கேள்விகளில் இதுதான் சிறந்தது என்பேன். மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே இருந்தால் அங்கே போய் அணைக்கலாம், உள்ளே இருந்தால் தொடவே வேண்டாம் என்றார் அலுவலர்.

ஏப்ரல் 14 தீயணைப்போர் நீத்தார் நினைவு நாள். நமக்குச் சித்திரை விடுமுறை என்பதால் பள்ளியில் யாரும் சொல்வதில்லை. 1944இல் அதே நாள் பம்பாய்த் துறைமுகத்தில் 'ஃபோர்ட் ஸ்டைகின்' என்ற கப்பலில் தீ. உள்ளே பருத்தி மூட்டைகளோடு வெடிபொருள்களும் இருந்தன. அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் வெடிப்பில் இறந்தார்கள். நிலையத்தில் அந்த எண்ணிக்கையை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள்.

அவர்கள் சொன்ன இன்னொரு எண் 94. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். குறுகலான படிக்கட்டு, தப்ப வேறு வழியில்லை. அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்றினார்கள். ஓட்டுநர் இதைச் சொல்லிவிட்டு, "உங்க ஸ்கூல் பக்கமா போய்ப் பாக்கலாமா?" என்று கேட்டார்.

திரும்பும்போது நம் பள்ளித் தெருவுக்குள் வண்டியைத் திருப்பினார். டீக்கடை முனையில் நின்றுவிட்டது! கடையின் தகரப் பந்தல் ஒரு பக்கம், நிறுத்தியிருந்த இரண்டு சக்கர வண்டிகள் மறுபக்கம். ஹாரன் அடித்து, ஆட்களைக் கூப்பிட்டு, வண்டிகளைத் தூக்கி நகர்த்தி உள்ளே வர ஆறு நிமிடம் ஆனது. அதுவும் சனிக்கிழமை மாலை. நாலு மணிக்குப் பள்ளி விடும்போது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

உள்ளே வந்த அலுவலர் அறிவியல் ஆய்வகக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். மாடியில் நாலு வகுப்பு, ஒரே படிக்கட்டு. பின்பக்கத்து இரும்புக் கதவு பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டார். காவலாளி அண்ணன் அலுவலகத்தில் என்றார், அலுவலகமும் பூட்டியிருந்தது.

திங்களன்று தலைமையாசிரியரிடம் இதை எழுதிக் கொடுத்தோம். பள்ளி நேரம் முழுவதும் பின்கதவு திறந்திருக்கும் என்று சொல்லியிருக்கிறார். டீக்கடைக்காரரிடம் பி.டி.ஏ. பேசுகிறது. வரும் புதன் மூன்றாம் பிரிவேளையில் நீண்ட மணி அடிக்கும். மாடி வகுப்புகள் இரண்டு பின்படி வழியாகவும், இரண்டு முன்படி வழியாகவும் இறங்கி விளையாட்டுத் திடலுக்கு வர வேண்டும். பையை எடுக்க வேண்டாம். எத்தனை நிமிடம் ஆகிறது என்று நாங்கள் நாலு பேரும் கடிகாரத்தோடு நிற்போம்.

— நாட்டு நலப்பணித் திட்ட மாணவன், +1 'அ' பிரிவு