கேமரா அணைந்த வகுப்பு

கேள்வி: நேரலை வகுப்பில் மாணவர்கள் எல்லாரும் கேமராவை அணைத்துவிடுகிறார்கள். “புரிந்ததா?” என்றால் பதிலே இல்லை. என்ன செய்யலாம்?
– கல்லூரி ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: கேமராவுக்காக வற்புறுத்தாதீர்கள், அம்மா. வீட்டார் எல்லாரும் புழங்கும் ஒற்றை அறையில் கைபேசியை வைத்துப் படிக்கும் பிள்ளைக்கு அது பெரிய கூச்சம். டேட்டாவும் கரையும்.

“புரிந்ததா?” என்பதை விட்டுவிடுங்கள். புரியாதவர் அதற்கு வாய் திறக்கவே மாட்டார். ஹார்வர்டில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மசூர் 1990களில் பரப்பிய முறை இணையத்துக்கும் நன்றாகப் பொருந்தும். நான்கு விடைகளோடு ஒரு கேள்வி கொடுங்கள். ஒவ்வொருவரும் தனியாக வாக்களிக்கட்டும். விடையைச் சொல்லாமல், மூன்று நான்கு பேராகப் பிரித்து விவாதிக்கவிட்டு, மறுபடி வாக்களிக்கச் சொல்லுங்கள். சக மாணவரிடம் தயக்கமின்றிப் பேசுவார்கள். தவறான விடை எங்கிருந்து வருகிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும். அடுத்த பாடத்தை அங்கே தொடங்கலாம்.

கேட்டபின் பொறுங்கள். ஆசிரியர்கள் பதிலுக்காகச் சுமார் ஒரு நொடியே காத்திருக்கிறார்கள் என்று 1970களில் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ அமெரிக்கப் பள்ளிகளில் கண்டார். மூன்று நொடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன. இணையத்தில் மைக்கைத் திறக்கவே அவ்வளவு நேரமாகும். பத்து நொடி விடுங்கள். தமிழில் தட்டச்சு செய்தாலும், குரல் பதிவு அனுப்பினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

வகுப்பு முடிந்ததும் பத்து நிமிடம் இணைப்பைத் துண்டிக்காமல் இருங்கள். தொடர்ந்து இரண்டு வகுப்புக்கு வராதவரை நீங்களே தொலைபேசியில் அழையுங்கள். வருகைப் பதிவைப் பற்றிப் பேசாமல், முதலில் நலம் விசாரியுங்கள்.