ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ எவ்வளவு தூரம்?

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கி. ஜப்பானின் தலைநகர் டோக்கியோ. இவற்றுக்கு இடையே உள்ள தூரத்தை வகுப்புச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் அளவுகோல் வைத்து அளந்தால் நாம் ஏமாந்து போவோம். படத்தில் போடும் நேர்கோடு கஜகஸ்தான், மங்கோலியா வழியாகச் செல்லும். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரித்திருப்பதால் அது உண்மையான குறுக்கு வழி அன்று. பூகோள உருண்டையை எடுத்து, இரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பார்ப்போம். நூல் வடக்கே ஏறி, ஆர்க்டிக் வட்டத்தையும் சற்றே தாண்டி, சைபீரியாவின் மேலாக டோக்கியோவை அடையும். அதன் நீளம் ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் ஒன்பது மணி நேரத்திற்குச் சற்று அதிகமாகும்.

கணக்கு இத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் ஒரு நாட்டின் நிலத்திற்கு மேலுள்ள வானமும் அந்நாட்டிற்கே உரியது என்பதை 1944-ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கை ஏற்றுக்கொண்டுள்ளது. நம் நூல் செல்லும் வழியில் பெரும்பகுதி ரஷ்யாவின் வானம். சோவியத் ஆட்சிக் காலத்தில் அவ்வழி எளிதில் கிடைக்கவில்லை. ஆகவே 1957-இல் ஸ்காண்டிநேவிய விமான நிறுவனம் கோபன்ஹேகனிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி டோக்கியோ செல்லும் துருவ வழியைத் தொடங்கிற்று. 1983-இல் பின்னேர் நிறுவனமோ ஹெல்சிங்கியிலிருந்து வட துருவத்தின் மேலாக எங்கும் நில்லாமல் டோக்கியோவுக்குப் பறந்தது!

பின்னர் சைபீரிய வானம் திறந்தது. ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு நாங்களே குறுக்கு வழி என்று பின்னேர் நிறுவனம் தன் வாணிபத்தையே அதன்மேல் கட்டி எழுப்பிற்று. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. ஐரோப்பிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்குத் தம் வானத்தை மூடின. ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. பழைய துருவ வழி மீண்டும் தேவைப்பட்டது.

அவ்வழியின் நீளத்தை நாமே கணக்கிடலாம். ஒரு பாகை அட்சரேகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஹெல்சிங்கி 60-ஆம் பாகையில் இருப்பதால் துருவம் வரை 30 பாகை, அதாவது 3,330 கிலோமீட்டர். துருவத்திலிருந்து 66-ஆம் பாகையிலுள்ள பெரிங் நீரிணைக்கு 24 பாகை, 2,664 கிலோமீட்டர். அங்கிருந்து ரஷ்யக் கரையை ஒதுக்கி டோக்கியோ செல்ல ஏறத்தாழ 5,000. கூட்டினால் 11,000 கிலோமீட்டர். ஏறக்குறைய 13 மணி நேரம். நகரங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, பிரயாணம் மட்டும் நான்கு மணி நேரம் நீண்டுவிட்டது. அந்த நான்கு மணிக்கும் எரிபொருள் வேண்டும். மாற்று விமானிகள் வேண்டும். செலவு சும்மா விடுமா? துருவத்தைக் கடந்த பயணிகளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்களாம். அது ஓர் ஆறுதல்.

இன்னொரு கணக்கும் உண்டு. குளிர்காலத்தில் டோக்கியோவின் கடிகாரம் ஹெல்சிங்கியைவிட ஏழு மணி நேரம் முந்தியது. டோக்கியோவில் இரவு 10 மணிக்கு ஏறி, 13 மணி நேரம் பறந்து ஹெல்சிங்கியில் இறங்கினால் அங்கே விடியற்காலை 4 மணிதான். அதே 13 மணி நேரம், ஹெல்சிங்கியில் மாலை 6 மணிக்குப் புறப்பட்டால் டோக்கியோவில் எத்தனை மணிக்கு இறங்குவோம்? தங்கைகள் போட்டுப் பார்க்கட்டும்.