சொறி சிரங்கு: ஒரு மாணவருக்கு மட்டும் மருந்து போதுமா?

வகுப்பறையில் ஒரு மாணவர் விரல் இடுக்கையும் மணிக்கட்டையும் ஓயாமல் சொறிந்துகொண்டிருப்பதை நாம் அனைவரும் கண்டிருப்போம். பக்கத்தில் இருப்பவர் சற்று நகர்ந்து உட்காருவார். 'நல்லா தேய்ச்சுக் குளிச்சிட்டு வா' என்று ஓர் ஆசிரியர் சொல்வார். 'சரியான பிறகு அனுப்புங்கள்' என்று இன்னொருவர் பெற்றோருக்குச் சொல்லி அனுப்புவார். இரண்டும் நல்லெண்ணத்தில் சொல்லப்படுபவையே. ஆனால் முதல் அறிவுரையால் நோய் தீராது. இரண்டாவது அறிவுரை மாணவரின் பல நாள் படிப்பைப் பறித்துவிடும். இந்நோய் எப்படிப் பரவுகிறது, எப்படிக் குறைகிறது என்பதை இரண்டு மருத்துவ ஆய்வுகள் தெளிவாக்கியுள்ளன. ஆசிரியர்களாகிய நமக்கு அவை மிகவும் பயன்படும்.

நோயை அறிவோம்

மருத்துவர்கள் 'ஸ்கேபிஸ்' என்று அழைக்கும் இந்நோய்க்குக் காரணம் அழுக்கு அன்று. கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஓர் உயிரி. சிலந்தி இனத்தைச் சேர்ந்த இந்த எட்டுக்கால் உயிரியின் நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பெண் உயிரி தோலின் மேலடுக்கில் வளை தோண்டி, நாளொன்றுக்கு இரண்டு, மூன்று முட்டைகள் இடும். மூன்று, நான்கு நாட்களில் அவை பொரிந்துவிடும். தோலுக்குள் இருப்பதால் சோப்புப் போட்டுக் குளித்தாலும் அது போய்விடாது. தினமும் குளிக்கும் பிள்ளைக்கும் இந்நோய் வரும்.

விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, தொப்புளைச் சுற்றிய பகுதி ஆகியவற்றில் சிறு கொப்புளங்கள் தோன்றும். அரிப்பு இரவில்தான் மிகும். எனவே முதல் பாடவேளையிலேயே தூங்கி வழியும் மாணவர், இரவெல்லாம் சொறிந்துகொண்டு விழித்திருந்தவராகவும் இருக்கலாம்.

சொறிந்த இடத்தில் பாக்டீரியா புகுந்தால் சீழ்ப்புண் உண்டாகும். அவற்றில் சில வகை பாக்டீரியாக்களின் தொற்று, பிறகு சிறுநீரக அழற்சிக்கும் காரணமாகலாம். எனவே இதை வெறும் அரிப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஸ்கேபிஸைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

ஷெஃபீல்டு ஆய்வு: எப்படிப் பரவுகிறது?

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் இராணுவத்தில் ஸ்கேபிஸ் பெருகியது. போர்வையும் துணியும்தான் நோயைப் பரப்புகின்றன என்று கருதி, அவற்றைச் சூடேற்றித் தூய்மைப்படுத்தப் பெரும் உழைப்பும் எரிபொருளும் செலவிட்டனர். இந்தக் கருத்து சரிதானா என்று சோதிக்க முன்வந்தவர் கென்னத் மெலன்பி என்ற பூச்சியியல் அறிஞர். 1941இல் ஷெஃபீல்டு நகரில் ஆய்வைத் தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த, ஆனால் மக்களுக்கு வேறு வழியில் உதவ விரும்பிய இளைஞர்கள் தாமாகவே இந்த ஆய்வுக்கு வந்தனர்.

நோயுற்ற வீரர்கள் உடுத்திய உள்ளாடைகளைத் துவைக்காமலேயே இவர்கள் அணிந்தனர். அவ்வீரர்கள் பயன்படுத்திய போர்வைகளில் படுத்து உறங்கினர். இப்படி நோய் தொற்றியவர்கள் மிகச் சிலரே. ஆனால் நோயுற்றவருடன் ஒரே படுக்கையில் உறங்கியபோது நோய் தொற்றியது. நீண்ட நேரம் தோலோடு தோல் படுவதே பரவலுக்கு முதன்மையான வழி என்பது இதனால் தெளிவாயிற்று.

மற்றொரு முக்கியமான உண்மையும் தெரியவந்தது. முதன்முறை நோய் தொற்றியவருக்கு ஏறத்தாழ ஒரு மாதம் வரை அரிப்பே இல்லை. உடல் அந்த உயிரிக்கு எதிர்வினை காட்டத் தொடங்கிய பிறகுதான் அரிப்பு வருகிறது. அந்த ஒரு மாதமும் அவர் பிறருக்கு நோயைப் பரப்பக்கூடியவரே. அரிப்பு உள்ள மாணவரை மட்டும் தனியே அமர்த்துவதால் பயனில்லை என்பதற்கு இதுவே காரணம். அவருடைய தம்பிக்கும் பக்கத்து வீட்டு நண்பருக்கும் அரிப்பு வராமலேயே நோய் இருக்கக்கூடும்.

ஃபிஜி ஆய்வு: எப்படிக் குறைகிறது?

பசிபிக் தீவு நாடான ஃபிஜியில் ஸ்கேபிஸ் மிகப் பரவலான நோய். அங்கே மூன்று தீவுச் சமூகங்களைச் சேர்ந்த 2,051 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2015இல் வெளியாயின. முதல் சமூகத்தில் நோயுற்றவர்களுக்கும் அவர்களோடு வாழ்வோருக்கும் மட்டும் பெர்மெத்ரின் களிம்பு தரப்பட்டது. இரண்டாவதில் நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அனைவருக்கும் அதே களிம்பு தரப்பட்டது. மூன்றாவதில் அனைவருக்கும் ஐவர்மெக்டின் மாத்திரை வழங்கப்பட்டது; மாத்திரை உட்கொள்ளக் கூடாதவர்களுக்குக் களிம்பு தரப்பட்டது.

ஓராண்டுக்குப் பின் கிடைத்த முடிவு:

• நோயுற்றோருக்கும் உடன் வாழ்வோருக்கும் மட்டும்: 36.6 விழுக்காட்டிலிருந்து 18.8 ஆகக் குறைந்தது.
• அனைவருக்கும் களிம்பு: 41.7 விழுக்காட்டிலிருந்து 15.8 ஆகக் குறைந்தது.
• அனைவருக்கும் மாத்திரை: 32.1 விழுக்காட்டிலிருந்து 1.9 ஆகக் குறைந்தது.

மூன்றாவது சமூகத்தில் சீழ்ப்புண்களும் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தன. ஊர் முழுவதற்கும் மருந்து தருவது அரசும் மருத்துவர்களும் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஒருவருக்கு மட்டும் மருந்திட்டால், மருந்திடாத உடன்பிறந்தவரிடமிருந்து நோய் மீண்டும் அவருக்கே வந்து சேரும்.

நாம் செய்யக்கூடியவை

1. வகுப்பின் முன் கையை நீட்டச் சொல்லிப் பார்க்க வேண்டாம். தனியே அழைத்து, 'ராத்திரி அரிக்குதா? வீட்டில் வேறு யாருக்காவது இருக்கா?' என்று கேட்போம். இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் ஸ்கேபிஸாக இருக்க வாய்ப்பு அதிகம். நோய் எது என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே.

2. பெற்றோரிடம் 'பிள்ளையைக் காட்டுங்கள்' என்பதோடு நிறுத்தாமல், 'வீட்டில் உள்ள அனைவருமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஒரே நாளில் எல்லோரும் மருந்து போடுங்கள்' என்று கூறுவோம். கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே தெரிவிக்கச் சொல்வோம்.

3. களிம்பை அரிக்கும் இடத்தில் மட்டும் தடவுவது பொதுவாக நடக்கும் தவறு. கழுத்துக்குக் கீழே உடல் முழுவதும், விரல் இடுக்கு, நகத்தடி உட்பட, மருத்துவர் சொன்ன நேரம் வரை இருக்க வேண்டும். அவர் சொன்ன நாளில் மறுமுறையும் தடவ வேண்டும்.

4. கடையில் தாமாக வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு அரிப்பைச் சிறிது காலம் அடக்கி, நோயை மறைத்துவிடும். இதைப் பெற்றோர் கூட்டத்தில் எடுத்துச் சொல்லலாம்.

5. மருந்திட்ட மறுநாளே மாணவர் பள்ளிக்கு வரலாம். உயிரிகள் இறந்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரங்கள் அரிப்பு நீடிக்கக்கூடும். அதைக் கண்டு மீண்டும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

6. அண்மையில் பயன்படுத்திய துணி, போர்வைகளை அன்றே வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தினால் போதும். மேசை, நாற்காலியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

7. விடுதி, உண்டு உறைவிடப் பள்ளிகளில் ஓர் அறையில் ஒருவருக்கு இருந்தாலும் உடனே மருத்துவக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். அறையில் உள்ள அனைவரையும் ஒன்றாகப் பரிசோதிக்கச் செய்வது அவசியம்.

பாடத்தோடு இணைப்போம்

ஃபிஜி ஆய்வின் எண்களைக் கணக்குப் பாடத்தில் பயன்படுத்தலாம். இரண்டாம் சமூகத்தில் குறைந்தது 25.9 புள்ளிகள், மூன்றாம் சமூகத்தில் 30.2 புள்ளிகள். வேறுபாடு சிறிதாகத் தோன்றும். தொடக்க அளவோடு ஒப்பிட்டு விழுக்காடு காணச் சொன்னால் முறையே 62, 94 என விடை வரும். விழுக்காட்டின் பொருள் மாணவர்களுக்கு அப்போது விளங்கும். அறிவியல் பாடத்தில், 'முதல் சமூகம் இந்த ஆய்வில் எதற்கு?' என்று கேட்டு விவாதிக்கச் சொல்லலாம். ஒப்பிட ஒரு குழு இல்லாவிட்டால், கிடைத்த பலன் எந்த முறையால் கிடைத்தது என்று சொல்ல முடியாது என்பதை அவர்களே கண்டறிவார்கள்.

இப்பாடத்தை நடத்தும்போது வகுப்பில் உள்ள எந்த மாணவரையும் எடுத்துக்காட்டாகச் சுட்டக் கூடாது. நோய்க்குக் காரணம் அழுக்கு அன்று என்பதை வகுப்பு முழுவதும் புரிந்துகொண்டால், மருந்திட்டுத் திரும்பும் மாணவர் தம் பழைய இடத்திலேயே, பழைய நண்பரின் பக்கத்திலேயே அமர முடியும்.