அமெரிக்க ஜனாதிபதிப் பதவிக்கு அபேட்சகரை முன்னறிதல்

எறும்பு முட்டைகொண்டு மேட்டு நிலம் ஏறக் கண்ட உழவன், மழை வருமென்று கூறுகின்றான். அவன் கூற்றுப் பெரும்பாலும் பலிக்கும். சிலபோது பொய்த்தலும் உண்டு. பொய்த்தபோது அவன் எறும்பை நோவதில்லை. தான் காணத் தவறிய குறி யாதென்று எண்ணிப் பார்க்கின்றான். அரசியலில் நாளை நிகழ்வதை இன்று கூறப் புகுவார்க்கும் இம்மனப்பான்மையே வேண்டுவது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நான்காண்டிற்கு ஒருமுறை நிகழும் ஜனாதிபதித் தேர்தலுக்கு, ஜனநாயகக் கட்சியும் குடியரசுக் கட்சியும் தத்தம் அபேட்சகராக யாவரை நிறுத்தும் என்பதை முன்னரே அறியக்கூடுமோ என ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது என் தோல்வியே. 2024-ஆம் ஆண்டு வேனிலில், பள்ளி மாணவனாயிருந்த யான், ஜனநாயகக் கட்சியின் அபேட்சகர் ஜோ பைடனே என்று நண்பரிடை உறுதி கூறினேன். அவர் பதவியிலிருந்த ஜனாதிபதி. பூர்வாங்கத் தேர்தல்களில் பிரதிநிதிகளிற் பெரும்பாலாரைப் பெற்றும் இருந்தார். ஆயினும், ஜூலை 21-ஆம் நாள் அவர் போட்டியினின்று விலகினார். ஆகஸ்டு மாதத்தில் கமலா ஹாரிஸ் அபேட்சகரானார். அவர்தம் தாயார் சென்னையிற் பிறந்த தமிழ்ப் பெண்மணியாதலின் நண்பர் மகிழ்ந்தனர். யான் மகிழ்ச்சியோடு நாணமும் உற்றேன்.

முன்னறிய விரும்புவோன் முதற்கண் வினவவேண்டுவது, தேர்ந்தெடுப்போர் யாவர் என்பதே. பண்டு அவ்வுரிமை கட்சி மகாநாட்டிற் கூடிய பிரதிநிதிகளிடமும் அவர்தம் தலைவர்களிடமும் இருந்தது. 1860-இல் சிக்காகோ நகரிற் கூடிய குடியரசுக் கட்சி மகாநாட்டில், வெற்றிக்கு வேண்டிய வாக்குகள் 233. முதற் சுற்றில் வில்லியம் சீவர்டு 173½ வாக்கும், ஆபிரகாம் லிங்கன் 102 வாக்கும் பெற்றனர். சீவர்டுக்கு நண்பர் பலர். அவரை வேண்டாதாரும் பலர். லிங்கனோ, பிறரை ஆதரித்த பலர்க்கும் இரண்டாம் விருப்பாயிருந்தார். மூன்றாம் சுற்றில் அவரே வென்றார். முதல் விருப்பை மட்டும் எண்ணினவன் அன்று ஏமாந்திருப்பான்.

1920-ஆம் ஆண்டு நிகழ்ச்சி இதனினும் வியப்புடையது. வாரன் ஹார்டிங்கின் ஆதரவாளரான ஹாரி டாகர்ட்டி, மகாநாடு கூடுதற்குச் சில மாதங்கள் முன்னரே, முன்னணியிலுள்ளார் ஒருவரையொருவர் தடுத்து நிற்பர் என்றும், நள்ளிரவிற்குப்பின் களைப்புற்ற தலைவர் சிலர் ஓர் அறையிற் கூடி ஹார்டிங்கைத் துணிவர் என்றும் கூறியிருந்தார். பத்தாம் சுற்றில் ஹார்டிங்கே தேர்வுற்றார். டாகர்ட்டிக்குச் சோதிடம் வேண்டியிருக்கவில்லை; தேர்வோரின் இயல்பை அறிந்திருந்தார்; அதுவே போதியதாயிற்று.

1968-இல் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி, ஒரு பூர்வாங்கத் தேர்தலிலும் போட்டியிடாமலே ஜனநாயகக் கட்சியின் அபேட்சகரானார். அதனால் எழுந்த மனக்கசப்பு விதிகளை மாற்றிற்று. 1972 முதல், பூர்வாங்கத் தேர்தல்களில் வாக்களிக்கும் பொதுமக்களே பிரதிநிதிகளிற் பெரும்பாலாரை நிருணயிக்கின்றனர். தேர்வோர் மாறவே, குறிகளும் மாறின.

இக்காலத்தார் நோக்கும் குறிகள் நான்கு: கட்சித் தலைவர்களின் ஆதரவு, கருத்துக் கணிப்பு, திரண்ட பொருள், முதலில் வாக்களிக்கும் மாகாணங்களின் முடிவு. இவற்றை ஒவ்வொன்றாக உரைத்துப் பார்ப்பாம். 2016-இல் வாக்களிப்புத் தொடங்குமுன் மாகாண கவர்னர் ஒருவரேனும் செனட் சபையினர் ஒருவரேனும் டொனால்டு டிரம்பை ஆதரித்திலர். அவரே குடியரசுக் கட்சியின் அபேட்சகரானார். 2007 முழுவதும் நாடளாவிய கணிப்புக்களில் ஹிலரி கிளின்டன் முன்னின்றார். 2008 ஜனவரி 3-ஆம் நாள் அயோவாவில் பராக் ஒபாமா வென்றார். அபேட்சகரும் அவரே ஆனார். ஜெப் புஷ்ஷுக்காக 2015-இன் முற்பாதியிலேயே பத்துக்கோடி டாலருக்கு மேற் பொருள் திரண்டது. அவர் பெற்ற பிரதிநிதிகள் நால்வரே. 2020-இல் பைடன் அயோவாவில் நான்காமவராகவும் நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாமவராகவும் வந்தார். பிப்ரவரி 29-இல் தென் கரோலினாவில் வென்றபின், மூன்றே நாளில் 14 மாகாணங்களுள் பத்தைக் கைக்கொண்டார்.

அங்ஙனமாயின் குறிகள் பயனற்றனவோ எனின், அற்று அன்று. ஒரு குறி பொய்த்தவிடத்துப் பிறிதொன்று மெய்யுரைத்தது. 2015-இன் பிற்பாதியிற் கணிப்புக்கள் டிரம்பையே பெரும்பாலும் முன்வைத்தன. அறிஞர் பலர் அவற்றை நம்பினாரில்லை. விதிகளையும் அவர் மறந்தனர். தென் கரோலினாவில் டிரம்ப் நூற்றுக்கு 33-க்கும் குறைந்த வாக்கே பெற்றார். எதிர்ப்போர் பலராய்ப் பிரிந்து நின்றமையானும், அம்மாகாணத்தில் அவர் கட்சி விதித்திருந்த முறையானும், 50 பிரதிநிதிகளும் அவர்க்கே உரியராயினர். ஜனநாயகக் கட்சியிலோ, நூற்றுக்கு 15 வாக்குப் பெற்றார்க்கெல்லாம் பங்கு உண்டு. ஆகவே, ஒரே அளவு வாக்கு ஒரு கட்சியில் வெற்றியாகவும், மற்றொரு கட்சியில் இழுபறியாகவும் முடிதல் கூடும்.

நிற்க, என் பிழைக்கு வருவேன். யான் வாக்குகளை எண்ணினேன், விதிகளையும் நோக்கினேன். ஆனால், ஜூன் 27-ஆம் நாள் நிகழ்ந்த விவாதத்திற்குப்பின் கட்சித் தலைவர்களின் மனம் மாறியதைச் செய்தித்தாளில் நாடோறும் படித்தும், அதனை ஒரு குறியாகக் கொண்டிலேன். முன்னரே உறுதி கூறிவிட்டமையால், அதற்கு மாறானதைக் காண என் கண் மறுத்தது. அறியாமையினும் இப்பிடிவாதமே எனக்குப் பெருந்தீங்கு செய்தது.

மற்றுமொன்று கருதத்தக்கது. மழை வருமென்று உழவன் கூறுதலால் மேகம் திரள்வதில்லை. இவரே அபேட்சகர் என்று பலரும் கூறினாலோ, பொருளும் ஆதரவும் அவர்பாற் செல்கின்றன. தகுதியுடைய பிறர் வாக்களிப்பிற்கு முன்னரே விலகுகின்றனர். ஆதலின், முன்னறிந்து கூறுவோன் பார்வையாளனாக மட்டும் நிற்பதில்லை. தேர்வில் அவனுக்கும் சிறு பங்கு உண்டு. தன் சொல்லை அளந்து கூறுதல் அவன் கடன்.

அடுத்த தேர்தல் 2028-இல் வரும். 1951-இல் நிறைவேறிய அரசியல் திருத்தத்தின்படி, இருமுறை தேர்ந்தெடுக்கப்பெற்றவர் மூன்றாம் முறை தேர்ந்தெடுக்கப்பெறுதல் இயலாது. ஆகவே இருகட்சியிலும் புதிய பெயர்கள் பல எழும். மாணவ நண்பர்காள், நீவிரும் நும் கணிப்பை ஓர் ஏட்டில் நாளிட்டு எழுதிவைம்மின். அதற்குரிய காரணங்களையும், எது நிகழ்ந்தால் நும் கருத்தை மாற்றிக்கொள்வீர் என்பதையும் உடன் எழுதுமின். யானும் எழுதி வைத்துள்ளேன். இம்முறை அக்கடைசி வரிக்கே மிகுந்த நேரம் செலவிட்டேன்.