சாவி திரும்புகிறது, வண்டி கிளம்பவில்லையா?

கார் சாவி தொலைந்துபோய், புதுப் பூட்டுக்கும் சாவிக்கும் சர்வீஸ் சென்டர் சொல்லும் தொகையைக் கேட்டு மலைத்து நிற்கும்போது, பக்கத்தில் யாராவது ஒருவர் சொல்வார்: “எதுக்கு சார் அவ்ளோ செலவு? இதே மாடல் வண்டி ஒண்ணு பிரிச்சுப் போட்டிருக்காங்க. லாக் செட்டைக் கழட்டி நம்ம வண்டியில மாட்டிடலாம்.” மாட்டலாம்தான். சாவியும் திரும்பும். வண்டிதான் கிளம்பாது. இப்போதைய கார்களில் இரும்புப் பூட்டு ஒன்று, மின்னணுப் பூட்டு ஒன்று என இரண்டு உண்டு. இரும்பை வேறு வண்டியிலிருந்து தாராளமாக எடுக்கலாம். மின்னணுப் பகுதியைக் கூடுமானவரை உங்கள் வண்டியில் இருந்தபடியே விட்டுவிடுங்கள். கீழே உள்ளதெல்லாம் இந்த ஒரு கணக்கைச் சுற்றித்தான்.

1. எந்தப் பூட்டு மக்கர் செய்கிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். சாவி நுழைகிறது, திரும்ப மறுக்கிறது என்றால் இரும்புப் பூட்டு. சாவி திரும்பி, மீட்டரில் விளக்கெல்லாம் எரிந்து, ஸ்டார்ட்டர் சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லை, அல்லது ஒரு நொடி ஓடி அணைந்துவிடுகிறது, கூடவே சாவிப் படம் போட்ட விளக்கு மின்னுகிறது என்றால் மின்னணுப் பூட்டான இம்மொபிலைசர். சாவி திரும்பியும் ஒரு விளக்கும் எரியவில்லை, சாவியை ஆட்டினால் மட்டும் எரிகிறது என்றால் பூட்டுக்குப் பின்னால் இருக்கும் இக்னிஷன் ஸ்விட்ச். மூன்றுக்கும் வைத்தியம் வேறு, செலவும் வேறு.

2. இம்மொபிலைசர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்று வேலைகள் உங்களிடம் பலிக்காது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி அளவிலோ அதைவிடச் சற்றுப் பெரிதாகவோ ஒரு சிப் இருக்கிறது. அதற்கு பேட்டரி கிடையாது. பூட்டின் வாயைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் வளையம், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில், சிப்புக்கு மின்சாரமும் கொடுத்து அதனிடம் கேள்வியும் கேட்கிறது. பதில் சரியாக இருந்தால்தான் என்ஜினை ஆளும் கம்ப்யூட்டரான ஈசியு பெட்ரோலையும் தீப்பொறியையும் விடும். மாருதி இதை ‘ஐகேட்ஸ்’ என்று பெயரிட்டு விற்றது. ஹூண்டாயில் வளையத்துக்கும் ஈசியுவுக்கும் இடையில் தூது போகும் சிறு பெட்டிக்கு ‘ஸ்மார்ட்ரா’ என்று பெயர். ஆகவே, ரிமோட்டின் பேட்டரி தீர்ந்ததால் வண்டி கிளம்பவில்லை என்று திருகுசாவி (சாவியைத் திருகிக் கிளப்பும்) வண்டிக்காரரிடம் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கதவைத் திறக்கும் பொத்தானுக்குத்தான் அந்த பேட்டரி.

3. சாவி திரும்பவில்லை என்றதும் பூட்டை மாற்றக் கிளம்பாதீர்கள். முன்சக்கரம் ஏதாவது ஒன்றில் முட்டிக்கொண்டு நின்றால் ஸ்டியரிங் பூட்டு இறுகிவிடும். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் லேசாக அசைத்தபடி சாவியைத் திருப்புங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்து சாவி வெளியே வர மறுத்தால், கியர் ‘பி’யில் இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டுக்குள் எண்ணெய் விடும் பழக்கம் நல்லதல்ல; தூசியைச் சேர்த்துப் பசையாக்கிவிடும். கிராஃபைட் தூள் போதும்.

4. பல வருடம் பழகிய சாவி தேய்ந்திருக்கும். தேய்ந்ததை வைத்து டூப்ளிகேட் போட்டால் தேய்மானமும் சேர்ந்தே பிரதியாகும். வண்டி வாங்கியபோது சாவியோடு ஒரு சிறு தகடு கொடுத்திருப்பார்கள், அதில் எண் இருக்கும். அந்த எண்ணை வைத்து வெட்டினால் ஷோரூமிலிருந்து வந்த அன்றைய அளவு கிடைக்கும். தகட்டை இப்போதே படம் பிடித்து வையுங்கள். சாவியோடு கோத்து வைக்காதீர்கள்.

5. இக்னிஷன் ஸ்விட்ச் மட்டும் கெட்டிருந்தால், பல மாடல்களில் அது தனியாகவே கிடைக்கும். பூட்டைத் தொடவே வேண்டாம், சிப்போடும் அதற்குச் சம்பந்தமில்லை. இதை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கொடுமையான உதாரணம் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கோபால்ட் முதலான கார்களில் ஓடும்போதே ஸ்விட்ச் நழுவி என்ஜின் நின்றது. ஏர்பேக்கும் வேலை செய்யவில்லை. 2014இல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 124 மரணங்களுக்கு இழப்பீடு கொடுத்தார்கள். சரிசெய்யும் வரை சாவி வளையத்தில் கார் சாவியைத் தவிர வேறு எதையும் மாட்டாதீர்கள் என்று உரிமையாளர்களுக்கு அப்போது அறிவுரை போனது. வீட்டுச் சாவி, பீரோ சாவி, கோயில் டாலர் என்று கொத்தாகத் தொங்கவிடுபவர்கள் கவனிக்கவும்.

6. பூட்டையே மாற்றியாக வேண்டும், பழைய சாவி கையில் இருக்கிறது என்றால் மூன்று வழிகள் உண்டு. மூன்றிலும் உங்கள் ஈசியுவும் உங்கள் சிப்புமே தொடரும்.

முதல் வழிதான் என் சிபாரிசு: வேறு வண்டியின் பூட்டை வாங்கி, உள்ளே இருக்கும் பித்தளைத் தகடுகளை உங்கள் சாவியின் பல்லுக்கு ஏற்ப மாற்றி அடுக்கச் சொல்வது. கைதேர்ந்த பூட்டுக்காரருக்கு இது பழகிய வேலை. கதவு, டிக்கி, இக்னிஷன் எல்லாவற்றுக்கும் பழையபடி ஒரே சாவி. இரண்டாவது, வந்த பூட்டுக்கு ஏற்ற பல்லுடன் புதுச் சாவி வெட்டி, உங்கள் பழைய சாவித் தலையில் இருக்கும் சிப்பை அதில் பொருத்துவது. கதவுக்கு ஒன்று, ஸ்டார்ட்டுக்கு ஒன்று என இரண்டு சாவி சுமக்க வேண்டும், அவ்வளவுதான். சிப் கண்ணாடிக் குழலாக இருந்தால் கத்தியால் நெம்பும்போது உடையும்; அதுவே உங்களிடம் உள்ள ஒரே சிப் என்றால் இந்த வழி வேண்டாம். மூன்றாவது, கதவுப் பூட்டுகளையும் சேர்த்து முழு லாக் செட்டையும் மாற்றி, சிப்பை மட்டும் பழைய சாவியிலிருந்து எடுத்துக்கொள்வது. வேலை அதிகம், பலன் குறைவு.

7. கழற்றும் வேலையை வீட்டு வாசலில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டியரிங் தண்டோடு பூட்டின் கூட்டைப் பிணைக்கும் போல்ட்டுகள் பல வண்டிகளில் வேண்டுமென்றே தலை முறியும்படி செய்யப்பட்டவை. மாட்டும்போது குறிப்பிட்ட இறுக்கம் வந்ததும் தலை தனியே உடைந்து விழும். பிறகு ஸ்பேனர் பிடிக்க இடமிருக்காது. எடுக்க வேண்டுமானால் துளை போட வேண்டும், அல்லது உளி வைத்துத் தட்டிச் சுழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது அதேபோன்ற புது போல்ட் வேண்டும். ‘சாதா போல்ட் போட்டுட்டேன் சார், இறுக்கமா இருக்கு’ என்று மெக்கானிக் சொன்னால், திருடனுக்கும் அது சுலபம் என்று சொல்லுங்கள். கூட்டைத் தொடாமல் உள்ளிருக்கும் உருளையை மட்டும் எடுக்க முடிந்தால் அதுவே மேல். அதற்குச் சாவியை முதல் நிலைக்குத் திருப்பி ஒரு பின்னை அழுத்த வேண்டியிருக்கும். சாவி திரும்பாத பூட்டில் இதனால்தான் கூலி ஏறுகிறது.

ஏர்பேக் உள்ள வண்டியில், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, நிறுவனம் சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே ஸ்டியரிங் பக்கம் கை வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் சாவி ‘ஆன்’ நிலையில் இருக்க ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். ஓரிடத்தில்கூடத் தட்டக் கூடாது. ஓடும் வண்டியில் ஸ்டியரிங் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

8. புதுப் பூட்டு மாட்டியும் இம்மொபிலைசர் விளக்கு மின்னினால், அந்தக் கம்பிச்சுருள் வளையத்தைப் பாருங்கள். பழைய பூட்டோடு குப்பைக்குப் போயிருக்கலாம், விரிசல் விட்டிருக்கலாம், கப்ளர் சரியாக உட்காராமல் இருக்கலாம். இன்னொரு சிப் சாவியை அதே சாவிக் கொத்தில் கோத்திருந்தாலும் இரண்டும் சேர்ந்து பேசிக் குழப்பும்.

9. உங்கள் சாவிகள் எல்லாமே தொலைந்து, ஈசியுவும் பழுதாகிவிட்டது. இப்போது மட்டும்தான் மின்னணுப் பகுதியை வேறு வண்டியிலிருந்து கொண்டுவருவதைப் பற்றி யோசிக்கலாம். அப்படி எடுத்தால் ஈசியு, இம்மொபிலைசர் பெட்டி, அதன் சிப் சாவி மூன்றும் ஒரே வண்டியில் சேர்ந்து இருந்தவையாக வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றை எடுத்தால் அவை ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளாது.

பெயர் ஒன்றாக இருந்தால் போதாது. ஈசியுவின் மேல் ஒட்டியிருக்கும் பாக எண் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஒரே மாடலில் பெட்ரோல், டீசல், மேனுவல், ஆட்டோமேட்டிக் என்று ஈசியு மாறும். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்-6 வண்டிக்கு பிஎஸ்-4 ஈசியு ஒத்துவராது. காமன் ரெயில் டீசல் வண்டிகள் பலவற்றில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் மேலும் அச்சிட்ட குறியீட்டு எண்ணைப் புது ஈசியுவில் மறுபடி பதிய வேண்டும். பதியாவிட்டால் வண்டி ஓடும், ஆனால் தட்டும், புகையும்.

10. போக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகள் பலவற்றில் இம்மொபிலைசரின் நினைவு மீட்டருக்குள் இருக்கிறது. மீட்டர் கண்ணாடி உடைந்தது என்று பழைய மீட்டரை வாங்கி மாட்டியவர்கள் வண்டி கிளம்பாமல் விழிப்பது இதனால்தான். ஓடிய கிலோமீட்டர் கணக்கும் மாறிப்போகும். விற்கும்போது அது தனித் தலைவலி. தொண்ணூறுகளின் ஃபியட் கார்களில் இன்னொரு விசித்திரம்: சிவப்பு நிறத்தில் ஒரு தலைமைச் சாவி. புதுச் சாவியைப் பழக்க அது வேண்டும். ஓட்டுவதற்கல்ல, பத்திரப்படுத்துவதற்கு என்று கொடுத்ததைப் பலரும் ஓட்டித் தொலைத்தார்கள்.

11. வேறு வண்டியில் பழகிய சிப்பை உங்கள் வண்டிக்குப் பழக்க முடியும் என்று நம்பி வாங்காதீர்கள். பல வகை சிப்கள் ஒரு வண்டியோடு ஒருமுறை சேர்ந்தால் அதோடு சரி. சாவிகள் தொலைந்து ஈசியு நன்றாக இருந்தால், புது சிப் வாங்கி ஸ்கேனரில் பதிவதே நல்லது. அதற்கு வண்டியின் ரகசிய எண் வேண்டும். ஹூண்டாயில் அது 6 இலக்கம். ஆர்.சி.யும் அடையாள அட்டையும் காட்டி நிறுவன சர்வீஸ் சென்டரில் பெறலாம். தப்பான எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டால் பெட்டி பூட்டிக்கொள்ளும். ஆகவே ‘ட்ரை பண்ணிப் பாக்கறேன்’ என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

12. சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தையில் வாங்குவதாக இருந்தால், கப்ளரின் ஊசிகளை வெளிச்சத்தில் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டியின் பெட்டியாக இருக்கலாம். 2015, 2023 டிசம்பர் மழைகளில் மூழ்கிய கார்கள் கொஞ்சமா நஞ்சமா? எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்ற விவரத்தோடு பில் கேளுங்கள். தர மறுத்தால் நகர்ந்துவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது பாரதிய நியாய சங்ஹிதாவின் 317ஆம் பிரிவில் குற்றம்.

13. ‘இம்மொபிலைசரையே தூக்கிடலாம் சார், தொல்லை விட்டுது’ என்று ஒரு யோசனை வரும். வேண்டாம். அமெரிக்காவில் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் 2011 முதல் 2022 வரை திருகுசாவி மாடல்கள் பலவற்றை இம்மொபிலைசர் இல்லாமலே விற்றன. 2015ஆம் ஆண்டு மாடல்களில் மற்ற நிறுவனங்களின் கார்களில் 96 சதவீதத்துக்கு அது இருந்தது. இவர்களுடையதில் 26 சதவீதத்துக்கு மட்டும். பலன், 2021 வாக்கில் பள்ளிச் சிறுவர்கள் அவற்றைத் திருடி ஓட்டுவதை வீடியோவாகப் போட ஆரம்பித்தார்கள். பக்கத்து நாடான கனடாவில் 2007 முதல் இம்மொபிலைசர் கட்டாயம் என்பதால் அங்கே இந்தக் கூத்து நடக்கவில்லை. சிப்பைக் கம்பிச்சுருள் வளையத்தின் அருகிலேயே ஒட்டிவைத்து, சிப் இல்லாத சாவியால் ஓட்டுவதும் தூக்கியெறிவதற்குச் சமம்தான்.

14. பொத்தான் அழுத்திக் கிளப்பும் வண்டிக்கு 6ஆம் குறிப்பு பொருந்தாது. அங்கே ஸ்டார்ட்டுக்கு மாற்ற இரும்புப் பூட்டே இல்லை, எல்லாம் மின்னணு. சாவியின் பேட்டரி தீர்ந்தால் பல மாடல்களில் சாவியைப் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் கிளம்பும். எங்கே பிடிக்க வேண்டும் என்று வண்டியோடு வந்த கையேட்டில் படமே இருக்கும்.

15. ஸ்கூட்டர், பைக் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இதையெல்லாம் படித்துக் கவலைப்பட வேண்டியதில்லை. சாதாரண வண்டிகளில் சிப் இல்லை. லாக் செட் வாங்கி மாட்டினால் முடிந்தது.

16. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினால் இரண்டு சாவியையும் கேட்டு வாங்குங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் விலையில் குறையுங்கள். பிறகு ஸ்கேனர் போட்டு, எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லி, எல்லாவற்றையும் அழித்து உங்கள் கையில் உள்ளவற்றை மட்டும் பதியுங்கள். இரும்புப் பூட்டை மாற்றாமலே, தொலைந்துபோன சாவி வண்டியைக் கிளப்பாமல் செய்ய இது போதும். கதவை அது இன்னும் திறக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

17. சிப் இல்லாத வெறும் சாவி ஒன்றைக் கொஞ்சம் காசில் வெட்டி வீட்டில் வையுங்கள். வண்டியைக் கிளப்பாது. சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்ட நாளில் கைகொடுக்கும்.

18. பூட்டோ சாவியோ மாற்றினால் பில்லைப் பத்திரப்படுத்தி, இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வண்டி திருடுபோனால் எல்லா சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வது அவர்கள் வழக்கம். வண்டியோடு வந்த ஜோடியில் ஒன்று குறைந்தாலோ புதிதாக ஒன்று முளைத்தாலோ கேள்வி வரும். தொலைந்த சாவிக்குக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். பாலிசியில் சாவி இழப்புக்கான கூடுதல் காப்பீடு சேர்த்திருக்கிறீர்களா என்று, பழைய லாக் செட் தேடிக் கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். கழற்றிய பழைய பூட்டை மெக்கானிக்கிடம் விட்டுவராதீர்கள். உங்கள் கதவுப் பூட்டின் பல் அமைப்பு அதற்குள் அப்படியே இருக்கிறது.