மணிச்சத்துப் பஞ்சமும் பயிர்களின் மரபணுக்களும்

மணிச்சத்துக் குறைந்த வயலில் நெற்பயிர் குட்டையாக நின்று, இலை கரும்பச்சையாகி, தூர் கட்டுவதும் குறைவதை நம் அங்கத்தினர்கள் கண்டிருப்பார்கள். ஆயினும் செம்மண் நிலங்கள் பலவற்றில் அச்சத்து அறவே இல்லாமற் போவதில்லை. இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து, பூட்டிய குதிருக்குள் நெல் இருப்பதுபோல் கிடக்கின்றது. நாம் காசு கொடுத்து இடும் சூப்பர் பாஸ்பேட்டிலும் ஒரு பகுதி இவ்வாறே அடைபட்டு விடுகின்றது. அப்பூட்டைத் திறக்கும் வகையிலேதான் பயிருக்குப் பயிர் வேறுபாடு காண்கின்றோம்.

பசியை உணரும் ஏற்பாடு பெரும்பாலும் ஒன்றே. கடுகுக் குடும்பத்துச் சிறு செடியாகிய அராபிடாப்சிஸில் 'பி.எச்.ஆர்.1' என்னும் மரபணு 2001-ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்டது. அது உண்டாக்கும் புரதம் மற்றப் பல மரபணுக்களைத் தட்டியெழுப்ப வல்லது. செடியில் மணிச்சத்து நிறைந்திருக்குங்கால் 'எஸ்.பி.எக்ஸ்.' எனும் புரதங்கள் அதனைப் பிடித்து நிறுத்துகின்றன. சத்துக் குறைந்ததும் பிடி தளர்கின்றது. நெல்லிலும் இவற்றுக்கு நேரான மரபணுக்கள் உண்டு.

ஆனால் எழும்பிய பின் ஒவ்வொரு பயிரும் தன் வழியே செல்கின்றது. வெள்ளை லூப்பின் என்னும் பயறுச் செடி, தூரிகை போன்ற வேர்க்கொத்துக்களை விட்டுச் சிட்ரிக் அமிலத்தைச் சுரக்கின்றது. நெல், சோளம், பருத்தி முதலியவை வேர்ப்பூஞ்சணங்களோடு உறவு கொண்டு அவற்றின் இழைகள் வாயிலாகச் சத்தைப் பெறுகின்றன. கடுகுக் குடும்பத்திற்கு அவ்வுறவு இல்லை. நம் துவரையின் திறமோ தனித்தது. அதன் வேர் கசியவிடும் பிசிடிக் அமிலம் இரும்பைப் பற்றிக்கொள்ள, மணிச்சத்து விடுபடுகின்றது. ஐதராபாத்தை அடுத்த இக்ரிசாட் நிலையத்தில் உழைத்த ஆராய்ச்சியாளர் 1990-இல் இதனை வெளியிட்டனர். துவரையோடும் துவரைக்குப் பின்னும் வரும் பயிருக்கும் இதனால் பயன் உண்டாகக்கூடும். பழைய கலப்புப் பயிர் வழக்கத்தை ஏளனம் செய்வோர் இதைச் சற்று எண்ணுவார்களாக.

நெல்லுக்குள்ளேயே இரகத்திற்கு இரகம் வேறுபாடுண்டு என்பது மேலும் வியப்பு. ஆவுஸ் எனப்படும் நெற்பிரிவைச் சேர்ந்த கசலாத் என்னும் பழைய இந்திய இரகம், மணிச்சத்துக் குறைந்த மண்ணிலும் தாக்குப்பிடிப்பது. அதன் பன்னிரண்டாம் குரோமோசோமில் இதற்குரிய பகுதி உள்ளதென 1998-இல் தெரிய வந்தது. அப்பகுதியில் 'பி.எஸ்.டி.ஓ.எல்.1' என்னும் மரபணுவை 2012-இல் இனங்கண்டனர். இது புதிய வேதிப்பொருள் எதனையும் கசியச் செய்வதன்று. நாற்றுப் பருவத்திலேயே வேரை விரைந்து பெருக்குவது. வேர் பெருகினால் கூடுதலான மண்ணைத் துழாவலாம். நிப்பான்பாரே என்னும் ஜப்பானிய நெல்லிலும், பஞ்சம் தாங்காத நவீன இரகங்கள் சிலவற்றிலும் இம்மரபணு இல்லை. உரம் நிறைந்த பாத்திகளிலே பொறுக்கியெடுத்தமையால் இவ்விழப்பு கண்ணுக்குப் படாமற் போயிருக்கும் என நாம் கருதுகின்றோம்.

ஐ.ஆர்.64 போன்ற இரகங்களோடு ஒட்டுச் சேர்த்து, மரபணுக் குறிகளின் துணையால் நாற்றுக்களைத் தெரிந்தெடுத்து, இப்பகுதியை மீண்டும் புகுத்தியுள்ளனர். ஆயினும் விளைந்த மணியோடு சத்தும் வயலை விட்டு வெளியேறுவதால், இத்தகைய விதை கிடைத்தாலும் எருவையும் உரத்தையும் அடியோடு நிறுத்த இயலாது. மண் பரிசோதனை செய்து அளவைக் குறைத்துக் கொள்ளலாம்.