பழைய தேக்கில் ஒரு பெஞ்சு

சென்னையில் மெட்ராஸ் டெரஸ் வீடுகளை இடிக்கும்போது கூரையிலிருந்து தேக்குக் கட்டைகள் இறங்கும். தலைமுறைக் கணக்கில் செங்கல்லையும் சுண்ணாம்பையும் சுமந்தவை. வெளியே சாம்பல் பூத்து, துருப்பிடித்த ஆணியோடு வெறும் விறகாகத்தான் தெரியும். ஓரத்தில் அரை அங்குலம் அறுத்துப் பாருங்கள், உள்ளே சேகு பொன்னிறத்தில் பளிச்சென்று இருக்கும். இதை அடுப்புக்கு அனுப்புவது பெரிய இழப்பு. எட்டடிக் கட்டை இரண்டும் பழைய கதவுப் பலகை இரண்டும் இருந்தால் நான்கடி நீளத்தில் ஒரு பெஞ்சு செய்துவிடலாம். சொந்தமாக இயந்திரம் வேண்டியதில்லை. பலர் சேர்ந்து பயன்படுத்தும் பொதுப் பட்டறை போதும்.

பழைய மரக்கடைக்கு ஸ்க்ரூ டிரைவரோடு போங்கள். சுவருக்குள் புதைந்திருந்த முனையைக் குத்திப் பாருங்கள். ஈரம் வாங்கி முதலில் உளுத்துப்போவது அங்கேதான். உள்ளே இறங்கினால் அவ்வளவு தூரத்தையும் வெட்டிக் கழிக்க வேண்டும். சிறு துளைகளிலிருந்து புதிதாக மாவு கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. அந்தக் கட்டை வேண்டாம், பட்டறையில் அடுத்தவர் மரத்துக்கும் பரவும். பனங்கையையும் விட்டுவிடுங்கள். கூரைக்கு அருமையானது, ஆனால் நார்நாராகப் பிரியும், கழுந்து (துளைக்குள் இறங்கும்படி செதுக்கிய முனை) நிற்காது.

அடுத்தது ஆணி எடுப்பது. அலுப்பான வேலை, ஆனால் மொத்த வேலையிலும் இதற்குத்தான் அதிக நேரம் தர வேண்டும். கம்பி பிரஷ்ஷால் சுண்ணாம்பையும் மணலையும் தேய்த்து நீக்குங்கள். மணல் இழைப்புளியின் வாயை மழுக்கிவிடும். பிறகு காந்தத்தையோ உலோகம் காட்டும் கருவியையோ நான்கு பக்கமும் ஓட்டுங்கள். நீலக் கறுப்பாகத் திட்டு தெரிந்தால் அதன் அடியில் இரும்பு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தலை ஒடிந்த ஆணியா? சுற்றிலும் மெல்லிய உளியால் குடைந்து, குறடு பிடிக்கும் அளவு வெளியே வந்ததும் பிடுங்குங்கள். ஒவ்வொரு முறை இழைத்த பிறகும் மறுபடி காந்தம். சொந்தப் பட்டறையில் ஓர் ஆணி தப்பினால் உங்கள் பிளேடு போகும். பொதுப் பட்டறையில் அன்று வேலைக்கு வந்த எல்லோருடைய நாளும் போகும். துண்டு தெறித்தால் ஒருவர் கண்ணே போகும். பழைய மரம் கொண்டுவந்திருப்பதைப் பொறுப்பாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கதவில் பழைய பெயிண்ட் இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கும் என்றே எண்ணி, பெயிண்ட் ரிமூவர் தடவி ஈரமாகவே சுரண்டி எடுங்கள். முகக்கவசம் இல்லாமல் இயந்திரத்தை நெருங்கவும் வேண்டாம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான விஷயம்.

சுத்தம் செய்த மரத்தை, இடையிடையே ரீப்பர் துண்டு கொடுத்து, இரண்டு வாரம் பட்டறை நிழலில் அடுக்கி வையுங்கள். இழைக்கும்போது முதலில் ஒரு முகம் மட்டம், அதை வைத்து ஒரு பக்கம் மூலைமட்டம், கனம் பிறகுதான். காலுக்கு 16½ அங்குலம் விடுங்கள். ஓர் அங்குலப் பலகை ஏறியதும் உட்கார வாகான உயரம் வந்துவிடும்.

காலையும் சட்டத்தையும் கழுந்து, துளை போட்டுப் பொருத்துங்கள். கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. துளையை முதலில் அடியுங்கள், உங்கள் உளியின் அகலமே அதன் அகலம். கழுந்தைச் சீவிச் சீவி ஒப்பச் செய்யலாம், பெரிதாகிவிட்ட துளையைச் சுருக்க முடியாது. கையால் அழுத்தினால் இறங்க வேண்டும், தூக்கினால் கழன்று விழக் கூடாது. கொட்டாப்புளியால் ஓங்கி அடித்தால்தான் இறங்கும் என்றால் கால் பிளந்துவிடும்.

தேக்கில் இயல்பிலேயே எண்ணெய் உண்டு. ஒட்டும் இடங்களை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்ததும் தாமதிக்காமல் பசை தடவுங்கள். கிளாம்பை இறுக்கியதும் மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சட்டம் கோணவில்லை.

மேல்பலகையைச் சட்டத்தோடு ஒட்டிவிடாதீர்கள். எத்தனை பழைய மரமானாலும் மழைக்காலத்தில் அகலவாட்டில் உப்பும், கோடையில் சுருங்கும். சட்டத்தில் நீள்துளை போட்டு அடியிலிருந்து ஸ்க்ரூ ஏற்றினால் பலகை வெடிக்காது. பழைய ஆணித் துளைகளை மறைக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. உட்காரும் முகத்தில் மட்டும் தேக்குச் சிம்பு வைத்து அடையுங்கள், இல்லாவிட்டால் துணி மாட்டும்.

கடைசியாக ஆளிவிதை எண்ணெய், மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை. பூசித் துடைத்த துணியைச் சுருட்டி எறிந்தால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். தண்ணீரில் நனைத்து, வெளியே கொடியில் விரித்துப் போட்டுவிட்டுத்தான் பட்டறையிலிருந்து கிளம்ப வேண்டும்.